சைனா தலவலிப் பொடின்னு கேட்டு வாராவ, எதைக் குடுக்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில நாட்டு மருந்துக் கடை வச்சிருக்கேன், எங்க அப்பா காலத்துக் கடை. போன ஞாயித்துக்கிழம உங்க பேப்பர்ல தலவலிக்கு சீன மூலிகைன்னு அரைப்பக்கம் போட்டிருந்தீங்கல்லா, மறுநா காலைல கட தொறக்க முன்னாடியே நாலஞ்சு பேரு பேப்பரும் கையுமா வந்து நிக்காவ. அதுல ஒரு ஆச்சி கிருஷ்ணாபுரத்துல இருந்து பஸ் ஏறி வந்து "தம்பி, அந்த சைனா பொடி அம்பது ரூவாய்க்கு குடு"ங்காவ. எந்தப் பொடி ஆச்சின்னு கேட்டா பேப்பர நீட்டுதாவ. பேப்பர்ல மூலிகை பேரே இல்ல. மூலிகையால குணமாக்குதாங்கன்னு மட்டும் போட்டா நான் எந்த டப்பாவத் தொறக்க?

சீன வைத்தியத்துல எல்லாத் தலவலிக்கும் ஒரே மருந்துன்னு கெடையவே கெடையாது. எங்க வலிக்குதுன்னுதான் மொதல்ல கேப்பாங்க. நெத்தியில வலின்னா பாய் ஜி, பிடரியிலன்னா ச்சியாங் ஹுவோ, ரெண்டு பொட்டுலயும்னா சுவான் ஷியோங், அது சிச்சுவான்ல விளையுற ஒரு கிழங்கு. நம்ம சித்த வைத்தியர் நாடியப் புடிச்சுப் பாக்க மாதிரி அவங்களும் பாப்பாங்க. சுவான் ஷியோங் போட்ட பழைய பொடி ஒண்ணு இருக்கு, சோங் ராஜாக்கள் காலத்து மருந்து, எட்டுச் சரக்கு சேத்தது, டீத்தண்ணியில கலக்கிக் குடிப்பாங்க. அதுல அதிமதுரமும் புதினாவும் உண்டு, கேக்க நம்ம வீட்டுக் கஷாயம் மாதிரிதான இருக்கு. ஆனா அதே எட்டுல ஷீ ஷின் அப்படின்னு ஒரு வேரும் உண்டு, அதுல அரிஸ்டோலோகிக் ஆசிட் இருக்கு, கிட்னிய காலி பண்ணும், புத்துநோயும் வரும்னு நிரூபிச்ச பொருளு. இதையில்ல மொதல்ல போட்டிருக்கணும்?

பேரு மாறினா என்னாகும்னு 1990கள்ல பெல்ஜியத்துல பாத்தாச்சு. உடம்பு குறைய குடுத்த மாத்திரையில ஃபாங் ஜிங்கிற சீன மூலிகை ஒண்ணுக்கு பதிலா இன்னொரு ஃபாங் ஜி கலந்துட்டு, பேரு கிட்டத்தட்ட ஒண்ணு, செடி வேற, கலந்ததுல இந்த ஆசிட் இருந்துச்சு. நூறு பொம்பளைகளுக்கு மேல கிட்னி போச்சு. சைனாக்காரன் மருந்துன்னு இதச் சொல்லல, எங்க கடையில இருக்க ஈஸ்வரமூலியிலயும் ஆடுதின்னாப்பாளையிலயும் அதே ஆசிட் உண்டு, அதனால வைத்தியர் சீட்டு இல்லாம வாரவங்களுக்கு அத நான் எடுத்துக் குடுக்கதில்ல, இதுக்கு யாவாரத்துல எனக்கு நஷ்டம்தான், போகட்டும்.

நம்மாளுவளுக்கு சிங்கப்பூர்ல இருந்து வார கோடாலி தைலம் பழகிப்போச்சு, நெத்தியில தடவுதோம், அது வெளிய. உள்ள குடிக்க பொடின்னா சங்கதியே வேற. அதிமதுரமே அளவு மீறி பல நாள் குடிச்சா பிரஷர ஏத்தும், சுவான் ஷியோங் ரத்தத்த ஓட வைக்கும்னு சொல்லி புள்ளத்தாச்சிக்குத் தர மாட்டாங்க. சீனாவுல தலவலிக்கு குடுக்குற இன்னொரு சரக்கு மான் ஜிங் சி, அது நம்ம நொச்சி இனத்துச் செடியோட காயி. தாமிரவருணிக் கரையெல்லாம் நொச்சி கெடக்கு, ஆவி புடிக்கவும் தலகாணியில வைக்கவும் நம்மாளுவ எடுக்கத்தான செய்யுதோம், கட்டுரையில இந்த ஒரு வரி வந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

அந்த ஆச்சிகிட்ட விசாரிச்சேன். மெடிக்கல்ல வாங்கி தெனம் ஒரு வலி மாத்திரை போடுதாவளாம், ஆறு மாசமா! அப்படி மாசத்துல பதினஞ்சு நாளு போட்டா அந்த மாத்திரையே தலவலிய இழுத்துட்டு வரும். பொடி குடுக்கல, சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில சீட்டு போட்டு காட்டுங்கன்னேன், திடீர்னு தாங்க முடியாம வலிச்சாலோ வாந்தி வந்தாலோ கண்ணு மங்கினாலோ நேரா ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு போயிரணும்னும் சொல்லி விட்டேன்.

வர்ற ஞாயித்துக்கிழம அதே பக்கத்துல மூலிகை பேரு, தாவரவியல் பேரு, யாரு சாப்பிடக் கூடாது, மூணையும் தமிழ்ல போட்டுருங்க ஐயா. ஆச்சிக்கு எம்மேல கோவம், "பேப்பர்லயே போட்டுட்டான், நீ தர மாட்டேங்க"ன்னு முணுமுணுத்துக்கிட்டேதான் பஸ் ஏறினாவ.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரன், பாளையங்கோட்டை