முதல் ஒரு நிமிஷம்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்பு மகளுக்கு,

வியாழக்கிழமை வகுப்பில் பத்து நிமிஷம் பேசவேண்டும், இப்போதே வயிற்றைக் கலக்குகிறது என்று எழுதியிருந்தாய். இந்தியாவிலிருந்து இங்கே கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களைப் பற்றி நீ நிறையப் படித்துவிட்டாய். விஷயத்தில் குறையில்லை. நடுக்கத்தை மட்டும் பார்ப்போம்.

பயமே வராமல் செய்துவிடலாம் என்று நினைக்காதே. பயத்தில் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் ஏறினால் நெஞ்சு படபடக்கும், வாய் வறளும், விரல் நடுங்கும். அதட்டினால் அடங்காது. பெரும்பாலும் பேச எழும்போதுதான் அது உச்சத்தில் இருக்கும். பேசப் பேசத் தணியும். அதனால் உன் உழைப்பில் பாதியை முதல் ஒரு நிமிஷத்துக்கே கொடு.

முதல் மூன்று வாக்கியங்கள் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும். தலைப்பைச் சொல்லி இழுக்காமல் நேரே இறங்கு: “1860 நவம்பர் 16, டர்பன் துறைமுகம். மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது. அதில் 342 பேர்.” வாக்கியம் குட்டையாக இருந்தால் மூச்சு முட்டாது. அப்புறம் இரண்டு விநாடி நிறுத்து. உனக்கு அது ஒரு யுகமாகத் தெரியும். கேட்பவர்களுக்கு அழுத்தமாகத்தான் தெரியும்.

மீதியை மனப்பாடம் செய்யாதே. ஒப்பிக்கும்போது ஒரு சொல் விட்டால் அடுத்தது வராது. உள்ளங்கை அளவு கெட்டி அட்டை ஐந்து போதும். மெல்லிய தாள் கை நடுக்கத்தை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு தலைப்பு, நாலைந்து சொற்கள், எண்கள் மட்டும் முழுசாக. பதற்றத்தில் முதலில் நழுவுவது எண்தான். கூலி அட்டை இப்படி இருக்கட்டும்: “5 வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங். பிறகு வருஷத்துக்கு 1 ஷில்லிங் ஏற்றம்.” அடுத்தது, ஒப்பந்தம் முடிந்தபின் மறுபடி ஒப்பந்தம் போடாமல் தங்கியவர்கள் மேல் விழுந்த வரி: “3 பவுண்டு வரி. 1895 சட்டம். 1914-இல் ரத்து.” அட்டையின் அடியில் அடுத்த அட்டையின் முதல் சொல். மூலையில் வரிசை எண்ணும் போடு, கீழே விழுந்தால் அடுக்கத் தேவைப்படும்.

ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிஷத்துக்குச் சுமார் 130 சொற்கள். பத்து நிமிஷத்துக்கு 1300 என்று கணக்குப் போடாதே, 1100-க்குள் நிறுத்து. நேரம் போதாவிட்டால் வெட்டுப்படுவது முடிவுரைதான், மதிப்பெண்ணும் அதோடு போகும். தாமதமானால் எந்த அட்டையை விடுவது என்று இப்போதே முடிவு செய்து சிவப்புக் கோடு போட்டுவை.

மனசுக்குள் படித்துப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. நின்றுகொண்டு, வாய்விட்டு, கடிகாரம் வைத்து ஐந்தாறு தடவை பேசு. ஒரு தடவை போனில் பதிவு செய்து கேள். கேட்கக் கூசும், ஆனால் எங்கே ஓடுகிறாய் என்று தெரிந்துவிடும். முடிந்தால் அந்த வகுப்பறையிலேயே ஒரு தடவை நின்று பார். ஸ்லைடுகளைப் பென் டிரைவிலும் வைத்துக்கொள். கரண்ட் போனால் அட்டையே போதும்.

அன்றைக்குக் காப்பியைக் குறை, வெறும் வயிற்றோடு போகாதே. முறை வருமுன் நாலு எண்ணும்வரை மூச்சை இழு, ஆறு எண்ணும்வரை விடு, ஐந்து தடவை. வெளிமூச்சு நீண்டால் நெஞ்சுத் துடிப்பு இறங்கும். “பதறாதே” என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்வதைவிட “உற்சாகமாக இருக்கிறேன்” என்று சொல்வது மேல். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் அலிசன் வுட் புரூக்ஸின் சோதனைகளில் (2014-இல் வெளியானவை) அப்படிச் சொல்லிக்கொண்டவர்கள்தான் நன்றாகப் பேசினார்கள். உள்ளே ஆடுவதில் பாதிகூட வெளியே தெரியாது. அதனால் “பயமாயிருக்கிறது, மன்னியுங்கள்” என்று ஆரம்பித்து நீயே காட்டிக்கொடுக்காதே.

நடுவில் மறந்துபோனால் ஒரு வாய் தண்ணீர் குடி, அட்டையைப் பார், கடைசியாகச் சொன்னதையே வேறு விதமாகச் சொல். அதற்குள் அடுத்தது வந்துவிடும்.

நெஞ்சுப் படபடப்புக்கு மாத்திரை இருக்கிறது என்று யாராவது நீட்டினால் வாங்காதே. அவை பெரும்பாலும் பீட்டா பிளாக்கர், நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கும் மருந்து; உனக்கு இளைப்பு (ஆஸ்துமா) இருப்பதால் ஆபத்து. வேண்டுமென்றால் டாக்டரிடம் கேள்.

கேள்வி கேட்டால் அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல், யோசிக்க நேரம் கிடைக்கும். தெரியாததைத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல். முடிந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா