கிணற்றை ஆழப்படுத்தினால் உப்புத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். தோட்டச் செய்கைக்குக் கிணறே கதி. சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கணக்குப்படி நீர்மட்டம் 1 அடி இறங்கினால், கீழிருந்து உப்புநீர் ஏறக்குறைய 40 அடி ஏறும். நிலாவரை ஆழ்கிணற்றில் மேல்நீர் நன்னீர், ஆழத்தில் உப்பு. இது தெரிந்தும் கோடையில் கிணற்றைத் தோண்டிக்கொண்டே போகிறார்கள்!

இறைப்பு மெஷினைத் தொடர்ந்து ஓட்டாமல், ஊற விட்டு விட்டு இறைக்க வேண்டும். வெங்காயத்துக்கு யூரியாவை ஒரேயடியாகப் போட்டுத் தண்ணீர் கட்டினால், செம்பாட்டு மண்ணில் உரத்தின் நைத்திரேற்று கழுவுண்டு குடிநீரில்தான் சேரும். பிரித்துப் போடுங்கள். மழைநீர் தேங்கி நிலத்துக்குள் இறங்க, தூர்ந்த குளங்களை மாரிக்கு முன்னர் பிரதேச சபைகள் வெட்டித் தர வேண்டும்.

வலிகாமம் விவசாயிகள் சிலர்