ஸ்லைடு அனுப்புகிறேன், ஆனால்...

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. ஓசூரில் நீ குவாலிட்டி மேனேஜர் ஆன செய்தியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், அவருக்கு அவ்வளவு சந்தோஷம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது பேப்பரைத் தானே படிக்கிறார்.

ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் உன் பொறுப்பாகிவிட்டது, என்னிடம் இருக்கும் ஸ்லைடுகளை அனுப்பு என்று கேட்டிருந்தாய். அனுப்புகிறேன். ஆனால் அதை மட்டும் நம்பி இறங்காதே. ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசி, வருகைத் தாளில் கையெழுத்து வாங்கினால் ஃபைல் நிரம்பும், கை பழகாது. தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001:2015 தரநிலையில் 7.2-ஆம் பிரிவை எடுத்துப் பார். பயிற்சி கொடுத்தால் போதாது, அது பலித்ததா என்றும் மதிப்பிடச் சொல்கிறது. கையெழுத்துத் தாள் அதற்குப் பதிலாகாது.

எங்கள் திருப்பூர் வேலையையே சொல்கிறேன். டி-ஷர்ட்டில் செஸ்ட் அளவு எடுக்க வேண்டும். அக்குளிலிருந்து ஒரு இன்ச் கீழே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை என்று சார்ட்டில் ஒரே வரிதான். ஆனால் பனியன் துணி இழுத்தால் நீளும். ஒரே பீஸ் ஒருவர் கையில் 52 சென்டிமீட்டர், அடுத்தவர் கையில் 53. டேப்பை இருவரும் சரியாகத்தான் படிக்கிறார்கள், பீஸை டேபிளில் விரிப்பதில்தான் வித்தியாசம். உள்ளங்கையால் சுருக்கத்தை மெல்ல நீவிவிடலாம், ஓரத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. இதை எந்த ஸ்லைடில் காட்டுவது?

அதனால் புதிதாகச் சேரும் பெண்ணை டேபிளுக்கே கூப்பிட்டு, என் பக்கத்தில் நிற்கவைத்துக்கொள்கிறேன். எதிரே நின்றால் இடம் வலம் மாறிப்போகும். முதலில் பேசாமல் ஒருமுறை அளந்து காட்டுவேன். அடுத்து, சொல்லிக்கொண்டே அளப்பேன். மூன்றாவது முறை காரணத்தையும் சேர்ப்பேன்: "இழுத்து அளந்தால் சின்ன பீஸும் பாஸ் ஆகிவிடும்." பிறகு டேப் அவள் கைக்குப் போகும். அவளும் காரணத்தைச் சொல்லிக்கொண்டே அளக்க வேண்டும். என் கையைப் பார்த்து அப்படியே செய்துவிடுவார்கள், ஏன் என்று கேட்டால்தான் புரிந்ததா என்பது தெரியும். கடைசியில் அதே பீஸ்களைப் பழைய செக்கர் ஒருவரும் தனியாக அளப்பார். இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போனால்தான் லைனுக்கு அனுப்புவேன். தமிழ் தெரியாத ஒடிசா, பீகார் பிள்ளைகளுக்கு இந்த முறை இன்னும் கைகொடுக்கிறது, பாதி வேலை கண்ணாலேயே முடிந்துவிடுகிறது.

இது நான் கண்டுபிடித்ததல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்காவில் டிடபிள்யூஐ (Training Within Industry, ஆலைக்குள்ளேயே பயிற்சி) என்று ஒரு திட்டம் நடந்தது. பழகிய ஆட்கள் பட்டாளத்துக்குப் போக, தொழில் தெரியாதவர்கள் கூட்டமாக ஆலைகளுக்குள் வந்தார்கள். அவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று சூப்பர்வைசர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்: ஆளைத் தயார்செய், செய்து காட்டு, செய்யவிட்டுப் பார், பிறகும் போய்க் கவனி. போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போனது, டொயோட்டாவும் எடுத்துக்கொண்டது. நம் ஆலைகளில் அந்த நான்காவது படியைத்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து அந்த டேபிளுக்குப் போய் நின்று பார்ப்பதற்கு ஸ்லைடும் வேண்டாம், ஹாலும் வேண்டாம்.

உன் மெஷின் ஷாப்பில், நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டரிலிருந்து தொடங்கலாம். பார்ட்டைத் தொடும் அதன் இரண்டு முகங்களையும் துடைப்பது, ஜீரோ பார்ப்பது, ஒரே அழுத்தத்தில் பிடிக்க நுனியில் இருக்கும் ராட்செட்டைப் பிடித்துத் திருகுவது. ராட்செட்டை விட்டு நேராக இறுக்கினால் ஆளுக்கு ஒரு அளவு வரும். இன்னொன்று, கைத்திறன் மிகுந்தவரைக் கண்ணை மூடிக்கொண்டு பயிற்சியாளராகப் போடாதே. அவர் கை தானாக ஓடும், நடுவில் என்ன செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. பொறுமையாகப் படிபடியாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்த சூப்பர்வைசரைத் தேடு. எல்லா மெஷினிலும் நீயே போய் நிற்க முடியாதல்லவா?

பதில் எழுதும்போது, உங்கள் லைனில் எந்தப் பார்ட் அதிகம் ரிஜெக்ட் ஆகிறது, அதை யார், எதை வைத்து அளக்கிறார்கள் என்று எழுது. பொங்கலுக்கு வரும்போது உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
உன் நண்பன்