மாத்திரையோடு தாளமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2004 டிசெம்பர் 26 அன்று நிலாவெளிக் கரையில் என் கணவர் தன் தம்பியைச் சுனாமிக்குப் பறிகொடுத்தார். இன்றும் கோயில் வெடி கேட்டால் சுவரோடு ஒட்டிக் குந்திவிடுவார். அயலுக்கு அது விசர். உண்மையில் அது ‘நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்’ (PTSD), பேரதிர்ச்சிக்குப் பின் வருவது. அதை அமெரிக்க உளமருத்துவர்கள் 1980இலேயே தங்கள் நோய்ப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

மிருதங்கம் வாசிக்கும் என் தம்பி, அத்தானை ஆதி தாளம் போடவைத்தான். அந்தத் தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்குள் மூச்சும் இறங்கி வரும். தவில் ஒலிநாடா போட்ட அன்றுதான் பிழைத்தது, இரவு முழுக்க நித்திரையில்லை. எந்த ஒலி வேண்டாம் என்பதை நோயாளியிடம் முதலில் கேட்கவேண்டும். இதற்குப் பயிற்சி பெற்றவர் தேவை. மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை.

திருகோணமலை மனநல கிளினிக்குகளுக்கு வாரம் ஒருநாளாவது இசைச் சிகிச்சையாளர் வரட்டும். மிருதங்கம் நான் தருகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
உப்புவெளி