வாடை வந்த நேரத்தை எழுதி வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வீசிய நெடியால் 30க்கும் மேற்பட்ட மாணவர்கள் தொண்டை எரிச்சலும் மூச்சுத்திணறலும் மயக்கமும் கண்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டதையும், நவம்பர் 4 அன்று பள்ளியைத் திறந்ததுமே வேறு சில பிள்ளைகளுக்கு அதே நிலை வந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினர் வந்து காற்றை அளந்தார்கள். என்ன வாயு, எங்கிருந்து வந்தது என்று பள்ளி வாசலில் நின்று கேட்ட பெற்றோருக்கு மட்டும் அன்று யாராலும் விடை சொல்ல முடியவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடியதைக் கண்ட பகுதி இது என்பதால், எல்லோருடைய கண்ணும் தொழிற்சாலைகளின் பக்கம் திரும்பியது இயல்புதான். ஆனால் வெளிக்காற்றை ஆராயும் அதே கவனத்தோடு கட்டடத்தின் உட்புறத்தையும் ஆராய வேண்டும் என்பதை, வேதியியல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அனுபவத்தில் சொல்ல விரும்புகிறேன்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு அறையில் அவ்வப்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பக்கத்தில்தான் ஆய்வகம் என்பதால் பழி எங்கள் மீது விழுந்தது. பணியாளர் பினாயிலை ஊற்றித் துடைப்பார். நாற்றத்தோடு பினாயில் நெடியும் சேர்ந்துகொள்ளும். ஒரு மாணவி மட்டும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், வாடை வந்த நாளையும் பாடவேளையையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். அதைக் கால அட்டவணையோடு ஒப்பிட்டபோது, மேல்நிலை வகுப்புகளுக்குச் செய்முறை நடக்கும் வேளைகளில் மட்டுமே நாற்றம் வருவது தெரிந்தது. ஆய்வகத்தில் எந்தக் குப்பியும் திறக்காமல் எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தோம். கால் மணி நேரத்தில் ஏழாம் வகுப்பில் நாற்றம் வந்துவிட்டது. விளையாட்டுச் சாமான்கள் போட்டுப் பூட்டியிருந்த பழைய கழிவறையின் நானி டிராப்பில், அதாவது தரை வடிகாலின் வாயில் உள்ள கிண்ணத்தில், தண்ணீர் வற்றிப்போயிருந்தது. சாக்கடைக் காற்றைத் தடுப்பதே அந்தக் கிண்ணத்தில் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான். ஃபேன் காற்றை வெளியே இழுக்க, அந்த இடத்தை நிரப்பச் சாக்கடைக் காற்று அந்தக் குழாய் வழியே மேலே ஏறி, நடுவில் இருந்த வகுப்பறையைக் கடந்து வந்திருக்கிறது. பிளம்பர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார், அன்றோடு தீர்ந்தது. கோடை விடுமுறை முடிந்து திறக்கும் பள்ளிகளில் இந்தக் கோளாறு எத்தனை இடங்களில் இருக்குமோ என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் நினைத்துக்கொள்வேன்.

நாற்றத்துக்கு நம் மொழியில் இருக்கும் சொற்களே பாதித் துப்பைக் கொடுத்துவிடும். பிள்ளைகளிடம் "நாற்றம் அடிக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்பதை விட, முட்டை அழுகிய நாற்றமா, கண்ணைக் கரிக்கும் நெடியா, காயாத துணியின் வீச்சமா என்று பிரித்துக் கேட்க வேண்டும். முதலாவது சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ காட்டும். மூன்றாவது, மழைநீர் கசிந்த சுவரில் பிடித்த பூஞ்சையாக இருக்கலாம். கண்ணைக் கரிக்கும் நெடி என்றால் தாமதிக்காமல் பிள்ளைகளை வெளியேற்ற வேண்டும். கழிவறை பளிச்சென்று இருக்கட்டும் என்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் கிளம்புவது குளோரின் வாயு. இதைத் துப்புரவுப் பணியாளர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அதே சமயம், மூக்கை மட்டும் நம்பிவிடவும் கூடாது. அழுகிய முட்டை நாற்றத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஆகவே அதிகாரி ஒருவர் மறுநாள் வந்து முகர்ந்து பார்த்து "ஒன்றும் இல்லை" என்பது விசாரணை ஆகாது. காற்றை அளக்கும் வாகனத்தைத் தெருவில் நிறுத்தி எடுத்த அளவுகள் தெருக்காற்றைத்தான் சொல்லும். விட்டுவிட்டு வரும் வாயுவைப் பிடிக்க, பாடம் நடக்கும் வேளையில், கதவும் ஃபேனும் வழக்கம்போல் இருக்க, அறைக்குள்ளேயே பல நாள் அளக்க வேண்டும். இவற்றைச் செய்து முடிக்கும் முன்பே பிள்ளைகள் பயத்தில் மயங்கினார்கள் என்று முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

குளிரூட்டிய வகுப்பறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) அளவில் இருக்கிறது. சன்னலைச் சாத்திய அறையில் அது 1000ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். இதை அளக்கும் சிறு கருவியை வாங்குவது பெரும்பாலான பள்ளிகளுக்குச் சுமையாக இராது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் பறிகொடுத்த பிறகுதான் பள்ளிக் கட்டடங்களின் தீப்பாதுகாப்பை நாம் கண்டிப்போடு பார்க்கத் தொடங்கினோம். இன்று அங்கீகாரத்துக்குக் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் கேட்கப்படுகின்றன. சுகாதாரச் சான்றுக்காக வரும் ஆய்வாளர் குடிநீரையும் கழிவறையையும் பார்ப்பதோடு, பூட்டிக்கிடக்கும் அறைகளின் டிராப்புகளையும், சாக்கடைக் காற்றை மேலே வெளியேற்றும் வென்ட் பைப்புகளையும், ஆய்வக எக்ஸாஸ்ட் ஃபேனையும் பார்க்கும்படி பள்ளிக் கல்வித் துறையும் பொது சுகாதாரத் துறையும் சேர்ந்து ஆணையிட வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் நாள், நேரம், அறை, வாடையின் தன்மை, யாருக்கு என்ன உபாதை என்று எழுதும் ஒரு பதிவேடு, மாணவர்களின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். விசாரணைக்கு வருபவர் முதலில் அதைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். தாம் கண்டதை எழுத்தில் கொடுத்து, பெற்றோர் படிக்கும்படி பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
வட சென்னை.