தலைக்காயமும் உளவடுவும்: மாற்று சிகிச்சைகள் குறித்த செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், அங்கத்தவர்களுக்கும், அவர்தம் குடும்பத்தாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

இராணுவம், கடற்படை, பொலிஸ் ஆகியவற்றிலிருந்து ஓய்வுபெற்று, போரின் காயத்தைத் தலையிலோ மனதிலோ (உளவடு) சுமக்கும் தமிழ் பேசுவோர் எமது சங்கத்தில் இருக்கின்றனர். 1996 ஜனவரி 31 கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு போன்றவற்றில் அகப்பட்ட பொதுமக்களும் இருக்கின்றனர். வலிப்பு, தலைச்சுற்று, மறதி, தூக்கமின்மை, பட்டாசு வெடித்தால் உடல் உதறுவது என்று முறைப்பாடுகள் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றே. மருந்தால் முழுதும் தீராதபோது வேறு வழி தேடுவது இயல்பு. சங்கம் அதைத் தடுக்கவில்லை. எந்தச் சிகிச்சை நல்லது என்று கேட்கும் முன், அது எந்தத் தலைக்கு என்று பார்க்க வேண்டும் என்பதையே இவ்வாண்டு வலியுறுத்தினோம்.

எனவே சங்கம் நடத்தும் பயிற்சிகளில் சேருவோர் கிளினிக் கொப்பி, எடுக்கும் குளிசைகளின் பட்டியல், கடைசி சிடி ஸ்கேன் அறிக்கை ஆகிய மூன்றையும் கொண்டுவர வேண்டும் என்று நிர்வாக சபை தீர்மானித்தது. அவற்றில் நாம் தேடுவது நான்கு விடயங்கள்: மண்டையோட்டில் எலும்பு எடுக்கப்பட்டு இடைவெளி உண்டா, உள்ளே உலோகத் துண்டு உண்டா, மூளை நீரை வயிற்றுக்கு இறக்கும் குழாய் பொருத்தப்பட்டதா, வலிப்பு வந்ததுண்டா. எலும்பில்லாத இடத்தில் தோலுக்குக் கீழே மூளையின் உறைதான் இருக்கிறது. அங்கே தைலம் தேய்த்து அழுத்தக் கூடாது. உலோகத் துண்டு உள்ளவர் எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழையும் முன் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அங்குள்ள காந்தம் துண்டை அசைக்கலாம், சூடாக்கலாம். பழைய காயம்தானே என்று வாய்மூடி இருப்பவர்களை வீட்டார் விடக் கூடாது.

சனிக்கிழமை யோகப் பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போர்க்கால யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, மந்திர உச்சாடனம் ஆகியவற்றை மக்களின் வழக்கத்தோடு பொருத்திப் பயன்படுத்தினார். நாமும் அவ்வழியே செல்கிறோம். உச்சரிக்கும் சொல் அவரவர் விருப்பம்: ஓம், திக்ர், செபமாலை, எதுவானாலும் சரி. மூச்சை 4 விநாடி இழுத்து 6 விநாடி விடுவது அடிப்படை. இதில் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். தசைத் தளர்வில் ஒவ்வொரு தசையையும் சுமார் 5 விநாடி இறுக்கி, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் தளர்த்த வேண்டும். கழுத்திலோ முகத்திலோ துண்டு உள்ளவர்கள் அப்பகுதியை விட்டுவிடுவார்கள்.

பிசகும் இடங்களும் உண்டு. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சு இரத்தத்தில் கரியமில வாயுவைக் குறைத்து வலிப்பையும் பதற்றத்தையும் தூண்டலாம்; இரண்டையும் முற்றாக நீக்கியுள்ளோம். சிரசாசனம், சர்வாங்காசனம் கிடையாது. கண்ணை மூடச் சொன்னால் சிலருக்குப் பழைய காட்சி எழும். அவர்கள் கண்ணைத் திறந்து பாயின் ஓரத்தைப் பார்த்திருக்கலாம். மூச்சைக் கவனித்தாலே மூச்சுமுட்டுகிறவர் உள்ளங்கால் தரையில் படுவதைக் கவனிக்கட்டும். ஆசிரியர் யாரையும் தொட்டுத் திருத்த மாட்டார், பின்புறமாக நடந்து வர மாட்டார். சவாசனத்தில் விளக்கு அணையாது. மல்லாந்து படுக்க முடியாதவர் சுவரில் சாய்ந்திருப்பார். கதவு திறந்தே இருக்கும், அதைப் பார்த்தபடி அமரும் இடங்களுக்குத்தான் போட்டி. மண்டபம் கடற்கரை ரயில் பாதைக்கு அருகே இருப்பதால், ரயில் வரும் நேரத்தை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். சத்தத்தை நிறுத்த முடியாது, திடீர்த்தன்மையைக் குறைக்கலாம். மூளைக் காயமுள்ளவர்கள் 20 நிமிடத்தில் களைத்துவிடுவார்கள். அது சோம்பல் அல்ல. அவர்கள் பாதியில் எழுந்து போவதை யாரும் விசாரிக்க வேண்டாம்.

சுதேச வைத்தியம் பற்றி. பொரளை ஆயுர்வேத வைத்தியசாலைக்கு மூட்டு, இடுப்பு வலிக்காகச் செல்வோர் பலர். அதில் எமக்கு ஆட்சேபம் இல்லை. நொதிக்கவைத்துச் செய்யும் குடிமருந்துகளான அரிஷ்டங்களில்தான் கவனம் தேவை. நொதிக்கும்போது உண்டாகும் மதுசாரம் அவற்றில் பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 10 வரை இருக்கும். வலிப்புக் குளிசை எடுப்பவருக்கும், குடியை விட்டவருக்கும் அது ஆகாது. கற்பூரம் உடலுக்குள் சென்றால் வலிப்பைத் தூண்டும். ஆகவே கற்பூரம் சேர்ந்த தைலத்தை மூக்கில் விடக் கூடாது. “மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை” என்று விற்பவரிடம் சேர்மானப் பட்டியலைக் கேளுங்கள். தராவிட்டால் வாங்க வேண்டாம். கார்பமசெபின், பெனிட்டோயின் ஆகிய வலிப்புக் குளிசைகளை எடுப்பவர்கள் எந்தச் சூரணத்தையும் கிளினிக்கில் காட்டாமல் தொடங்கக் கூடாது. நோன்பு, சஷ்டி விரதம் பிடிப்போர் மாதம் பிறக்கும் முன்பே வைத்தியரிடம் போனால் குளிசை எடுக்கும் வேளைகளை மாற்றித் தருவார். ஒரு வேளைக் குளிசையைத் தாமாக விடுவதே பல வலிப்புகளுக்குக் காரணம்.

அக்குபஞ்சரில், அமெரிக்க விமானப்படை வைத்தியர் ரிச்சர்ட் நீம்ட்சோ 2001இல் உருவாக்கிய காதுமடல் முறையை அங்கத்தவர்கள் சிலர் கேட்டார்கள். காதில் ஐந்து புள்ளிகளில் சிறிய ஊசிகள் வைக்கப்பட்டு, சில நாட்களில் தானாக விழும். வலிக்குச் சற்று இதம் தரலாம், உளவடுவை ஆற்றும் என்று சொல்ல ஆதாரம் போதாது. ஊசி ஒருமுறைப் பாவனைக்குரியதாக, உறை உங்கள் முன் பிரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் முன்பே சொல்ல வேண்டும். வலிப்பு உள்ளவர் தலையில் மின்னோட்ட அக்குபஞ்சர் செய்விக்க வேண்டாம்.

கூடிய அழுத்தத்தில் ஒட்சிசனைச் சுவாசிக்கும் அழுத்த ஒட்சிசன் அறைக்குக் கடன் வாங்கியும் போகலாமா என்று கேட்கிறார்கள். எமது பதில்: மூளைக் காயத்துக்காக வேண்டாம். அமெரிக்கப் படையினரிடம் நடந்த ஆய்வுகளில் ஒரு சாராருக்கு 1.5 வளிமண்டல அழுத்தத்தில் ஒட்சிசனும், மறுசாராருக்கு 1.2 வளிமண்டல அழுத்தத்தில் வெறும் காற்றும், 40 அமர்வுகள் கொடுத்தார்கள். இரு சாராரும் ஓரளவு தேறினர். தொடக்கத்தில் தெரிந்த சிறு வித்தியாசமும் 6 மாதத்துக்குப் பின் நிலைக்கவில்லை. தேற்றியது பெரும்பாலும் கவனிப்பும் ஒழுங்கான வருகையுமே என்று கொள்ளலாம். அவை வேறெங்கும் மலிவாகக் கிடைக்கும். காதுச் சவ்வு பாதிப்பு, வலிப்பு என்ற ஆபத்துகளும் அந்த அறைக்கு உண்டு.

உளவடுவுக்காகக் கழுத்து நரம்பு முடிச்சில் மரக்கச்செய்யும் ஊசி போடும் முறை பற்றியும் கேள்விகள் வந்தன. அமெரிக்கப் படையினரிடம் இரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டு 8 வாரத்தில் பார்த்தபோது, போலி ஊசியைவிட மிதமான பலன் தெரிந்தது. பக்கவிளைவாகக் கண்ணிமை தொங்குவதும் குரல் கம்முவதும் சில மணி நேரத்தில் மாறும். தேர்ந்த மயக்கமருந்து நிபுணர் இன்றி இது ஆகாது. உளவடுச் சிகிச்சைக்குப் பரீட்சித்துப் பார்க்கப்பட்ட எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருள் விடயத்தில், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஓகஸ்டில் அனுமதி மறுத்தது. இங்கே அது தடைசெய்யப்பட்ட போதைப்பொருள். பேச்சே வேண்டாம்.

மருந்தில்லாத முறைகளில் ஆதாரம் வலுவானவை உளவடுவை மையமாகக் கொண்ட உரையாடல் சிகிச்சையும், பழைய நினைவை மனதில் வைத்தபடி கண்ணை இடம்வலமாக அசைக்கும் கண்ணசைவுச் சிகிச்சையும். 2013இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் பரிந்துரைத்தது. கொடுங்கனவுக்கு வீட்டில் செய்யத்தக்கது ஒன்றுண்டு: கனவை எழுதி, முடிவை விரும்பியபடி மாற்றி, பகலில் தினமும் 10 முதல் 20 நிமிடம் மாற்றிய கனவை மனதில் ஓட்டுதல். மிகக் கொடிய கனவில் தொடங்கினால் கைவிட்டுவிடுவார்கள். சிறியதில் தொடங்க வேண்டும். தாங்க முடியாத இரவில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

தீபாவளிக்கும் டிசம்பர் 31க்கும் முன்னர் அயல்வீட்டாருக்குக் கொடுக்கும் மும்மொழித் துண்டுப்பிரசுரம் தயாராகவுள்ளது. வெடியைக் கைவிடச் சொல்லவில்லை, எத்தனை மணிக்கு என்று சொல்லச் சொல்கிறது. கிரிக்கெட் வெற்றிக்கு மட்டும் நேரம் சொல்ல ஆளில்லை.

வரும் ஆண்டுக்கு இரு பிரேரணைகள். வலிப்பு, உலோகத் துண்டு, எலும்பு இடைவெளி, குளிசை விபரம் அடங்கிய சட்டைப்பை அட்டையைச் சிங்களத்திலும் தமிழிலும் அச்சிட்டு ஒவ்வொருவருக்கும் வழங்குதல். சனிக்கிழமை வகுப்பை இரண்டாகப் பிரித்து, மூளைக் காயமுள்ளவர்களுக்கு 20 நிமிட வகுப்பைத் தனியே நடத்துதல். இரண்டாவதற்கு மண்டப வாடகை கூடும். எவ்வளவு என்பதைப் பொருளாளர் தம் கணக்கறிக்கையில் சமர்ப்பிப்பார்.