புதிதாக பைக் பழகுவோர் பாதுகாப்புப் பயிற்சி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள், தாய்மார்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் பயிற்சி உலர்களத்தில்தான் நடந்தது. மண்தரையில் பிரேக் பழக முடியாது என்பதால் பள்ளி மைதானத்தை விட்டுவிட்டு சிமெண்ட் களத்தைக் கேட்டு வாங்கினோம். மக்காச்சோளம் காயப்போட்ட மறுநாள் களத்தை இரண்டு முறை கூட்டியாக வேண்டும். இடுக்கில் நாலு சோளமணி கிடந்தால் போதும், பிரேக் பிடித்த டயர் அதன்மேல் உருண்டு வண்டி சாய்ந்துவிடும். சோளமும் கொள்ளும் ரோட்டிலேயே காயும் நம் பக்கத்தில் இதைக் களத்திலேயே காட்டிவிடுவது நல்லது.

எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் இல்லாத யாரையும் சேர்க்கவில்லை. கியர் வண்டிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும், எடுத்து 30 நாள் கழித்தே டெஸ்டுக்குப் போகலாம். ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் மட்டும் போதாது. பட்டையை மாட்டியபின் பின்பக்கமிருந்து மேலே தூக்கிப் பார்ப்போம். கழன்று வந்தால் அளவு பெரிது, அன்றைக்கு வண்டி கிடையாது.

முதல் வகுப்பு முழுவதும் கிளட்ச். முதல் கியரில், ஆக்சிலேட்டரைத் தொடாமல், லிவரை மெல்ல விட்டு வண்டி ஓரடி நகர்ந்ததும் திரும்பப் பிடிக்க வேண்டும். கிளட்ச் எங்கே கடிக்கிறது என்று கை தானாகக் கண்டுகொள்ளும் வரை இதுதான் வேலை. இதில் ஒரு சிக்கல், வீட்டு வண்டிகளின் கேபிள். லிவர் நுனியில் சுமார் 10 முதல் 20 மி.மீ. ஆட்டம், அதாவது கேபிள் இழுபடுமுன் லிவர் சும்மா நகரும் தூரம், இருக்க வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் கிளட்ச் வழுக்கி பிளேட் தேயும். அதிகமென்றால் லிவரை முழுதும் பிடித்தாலும் வண்டி முன்னே இழுக்கும், கியர் கடகடக்கும். கியர் முறையும் எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல. சிலதில் எல்லாமே முன்னால் மிதிப்பது, சிலதில் ஒன்று கீழே, மற்றவை மேலே. வண்டி மாற்றிப் பழகுபவர் வேகத்தைக் கூட்ட நினைத்துக் கியரைக் குறைத்துவிடுவார், பின்சக்கரம் இழுபடும். அதனால் ஒருவருக்கு ஒரே வண்டி என்று வைத்தோம்.

அதிக நேரம் பிடித்தது பிரேக்தான். "முன் பிரேக்கைப் புடிச்சா வண்டி தூக்கி வீசிருமுங்க" என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. பின்சக்கரம் லேசாகிவிடுவதால் அதை மட்டும் மிதித்தால் சீக்கிரம் லாக் ஆகி, அதாவது சுற்றாமல் நின்று, வழுக்கும், நிற்கும் தூரமும் ஏறக்குறைய இரு மடங்காகும். முன் பிரேக் வீசுவது மூன்று நேரங்களில்: வெடுக்கென்று பிடித்தால், ஹேண்டில் திரும்பியிருந்தால், அடியில் மணலோ தானியமோ இருந்தால். ஹேண்டிலை நேராக்கி, முதலில் லேசாகப் பிடித்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கியதும் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். 20 கி.மீ. வேகத்தில் தொடங்கி 30 வரை பழக்கினோம். சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் லிவர் துடிக்கும்போது பயந்து கையை விடுகிறார்கள். விடவே கூடாது.

ஆர்.டி.ஓ. டெஸ்டுக்கு எட்டு போடவும் சொல்லிக் கொடுத்தோம். முன் பிரேக்கைத் தொடாமல், பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, கிளட்சைப் பாதியில் வைத்து, அடுத்த வளைவைப் பார்த்துத் திருப்ப வேண்டும். சக்கரத்தைக் குனிந்து பார்ப்பவர் கால் ஊன்றிவிடுவார். எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவருக்கு அவசரமாக நிறுத்தத் தெரியும் என்று சொல்லிவிட முடியாது. இந்தக் குறைக்காகவே இந்தப் பயிற்சி தொடர வேண்டும் என்பது செயற்குழுவின் உறுதியான கருத்து.

ரோட்டுப் பயிற்சியை ஆடி மாதத்தில் வைத்தோம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று உடுமலை, தாராபுரம் பக்கம் வண்டியையே தள்ளும். லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று அடங்கும், தாண்டியதும் ஒரே அடியாக வந்து மோதும். வேகத்தைக் குறைத்து, முழங்காலால் டேங்கைக் கவ்வி, கையைத் தளர்வாக வைக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் காற்று தள்ளுவதோடு கை இழுப்பதும் சேர்ந்துவிடும். இரவில் பின்விளக்கில்லாமல் போகும் கரும்பு டிராக்டர் பற்றியும் கணக்குப் போட்டுக் காட்டினோம். 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறோம், பிரேக்கில் கை வைக்கும் முன்பே.

வரும் ஆண்டில் பிரேக் வகுப்பை ஒரு நாளிலிருந்து இரண்டு நாளாக்கவும், அதில் ஒரு நாள் களத்தை நனைத்துவிட்டுப் பழக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. களம் காலியாக இருக்கும் நாளை விவசாய உறுப்பினர்கள் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டால் பெரிய உதவி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்